சமதர்மம் என்னும் சொல்லும் ஒரு கட்சியின் எழுச்சியும் வீழ்ச்சியும்: ஈரோட்டுத் திட்டம் (1932 – 1936)

ஆய்வுச் சுருக்கம்

சுயமரியாதை இயக்கத்துக்குள் 1932 டிசம்பரில் உருவான சமதர்மக் கட்சி நான்கு ஆண்டுகளுக்குள் மறைந்தது. அதன் மறைவை அரசின் ஒடுக்குமுறையால் நேர்ந்தது என்று ஒரு சாராரும், தலைமையின் பின்வாங்கலால் நேர்ந்தது என்று மற்றொரு சாராரும் விளக்கி வந்துள்ளனர். அக்கட்சியை ஒன்றுசேர்த்த 'சமதர்மம்' என்னும் சொல்லின் இருபொருள் தன்மையை முன்வைத்து இக்கட்டுரை அவ்வரலாற்றை மீண்டும் வாசிக்கிறது. சாதி ஒழிப்பையும் சொத்துரிமை ஒழிப்பையும் ஒருங்கே குறித்த அச்சொல் கட்சி எழக் காரணமாயிற்று. அவ்விரு பொருள்களுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய நெருக்கடி வந்தபோது, அதே தன்மை பிளவுக்கும் வழிவகுத்தது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: சமதர்மம், பொதுவுடைமை, ஈரோட்டுத் திட்டம், சுயமரியாதை இயக்கம், குடி அரசு, சிங்காரவேலர், ஜீவானந்தம், அரசியல் சொல்லாக்கம்.

1. முன்னுரை

தமிழ்நாட்டு இடதுசாரி இயக்கத்தின் தொடக்க வரலாற்றில் இரு சிறு கட்சிகள் குறிப்பிடத்தக்கன. ஒன்று, 1923 மே முதல் நாளில் ம. சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாளைக் கொண்டாடித் தொடங்கிய இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சி. மற்றொன்று, 1932 டிசம்பர் 28, 29 ஆகிய நாள்களில் ஈரோட்டில் ஈ.வெ.ரா. பெரியாரின் இல்லத்தில் கூடிய சுயமரியாதை இயக்கத் தொண்டர்கள், சிங்காரவேலரின் துணையோடு வகுத்த சமதர்மக் கட்சி. முன்னதற்கு ஒரு சிந்தனையாளர் இருந்தார். பரந்த தொண்டர் படை இல்லை. பின்னதற்கு மாவட்டந்தோறும் கிளைகளைக் கொண்ட ஓர் இயக்கமும், ஊர்தோறும் படிக்கப்பட்ட ஓர் ஏடும் பிறக்கும்போதே வாய்த்திருந்தன. இருந்தும் அது நான்கு ஆண்டுகளைக் கூட முழுமையாகக் கடக்கவில்லை.

இம்மறைவு குறித்து எழுதப்பட்டவற்றில் இரு போக்குகளைக் காணலாம். திராவிட இயக்கச் சார்பினர், அடக்குமுறையிலிருந்து சமூகச் சீர்திருத்தப் பணியைக் காக்கப் பெரியார் மேற்கொண்ட தற்காப்பு நடவடிக்கையாக அதனைக் கருதுவர். பொதுவுடைமை இயக்கச் சார்பினர், முன்வைத்த கொள்கையைத் தலைமை கைவிட்ட பின்வாங்கலாகக் கருதுவர. இரு விளக்கங்களுக்கும் சான்றுகள் உண்டு. ஆயினும் இரண்டும் 1935ஆம் ஆண்டின் முடிவை ஒரு தனிமனிதரின் முடிவாகவே பார்க்கின்றன. கட்சி எந்த அடித்தளத்தின்மீது எழுப்பப்பட்டது, அவ்வடித்தளம் எவ்வளவு சுமையைத் தாங்கக்கூடியது என்னும் வினாக்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிடுகின்றன. அவ்வினாக்களுக்கு விடை காண, கட்சியின் பெயராகவும் கொள்கையாகவும் விளங்கிய சொல்லிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

2. சொல்லின் பின்புலம்

ஐரோப்பிய மொழிகளில் வழங்கிய சோசலிசம், கம்யூனிசம் ஆகிய கருத்துகளுக்கு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழில் நிலைபெற்ற சொல் இல்லை. அபேதவாதம், பொதுவுடைமை, சமதர்மம் ஆகிய சொற்கள் இதழ்களில் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்கின. 'பொதுவுடைமை' என்னும் சொல் பாரதியாரின் பாடலிலேயே இடம்பெற்றிருந்தது. உடைமை யாருக்குரியது என்பதே அச்சொல்லின் பொருள் மையம். 'அபேதவாதம்' வேறுபாடின்மையைச் சுட்டியது. ஆனால் அதில் வேதாந்தச் சாயல் படிந்திருந்தது.

'சமதர்மம்' இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. 'தர்மம்' என்பது அக்காலத்துத் தமிழ்ச் சூழலில் நடுநிலையான சொல்லன்று. வருணதர்மம், மனுதர்மம், ஆசிரமதர்மம் என்னும் தொடர்களின் வழியாகப் பிறப்பின் அடிப்படையில் அமைந்த ஏற்றத்தாழ்வை நியாயப்படுத்தும் சொல்லாக அது சுயமரியாதை இயக்க மேடைகளில் நாள்தோறும் கண்டிக்கப்பட்டது. அத்தகைய சொல்லின் முன் 'சம' என்னும் அடையைச் சேர்த்தபோது, புதிய சொல் பழைய தர்மத்துக்கு நேர் எதிரானதாக ஒலித்தது. மனுதர்மத்துக்கு மாற்று சமதர்மம் என்று எளிய மக்களுக்கும் விளங்கும்படி கூற முடிந்தது. ஆகவே, சோசலிசம் என்னும் அயற்கருத்தைத் தமிழில் கொண்டுவந்த இச்சொல், வந்த இடத்திலேயே சாதி எதிர்ப்பின் வேரைப் பற்றிக்கொண்டது.

இதன் பயன் பெரிது. 'பொதுவுடைமை' என்றால் நிலமும் ஆலையும் நினைவுக்கு வரும். 'சமதர்மம்' என்றால் தெருவும் கிணறும் கோயிலும் முதலில் நினைவுக்கு வரும். நிலமும் ஆலையும் அவற்றைத் தொடர்ந்து வரும். ஒரே சொல்லைக் கேட்ட இருவர் இருவேறு பொருள்களைக் கொள்ள முடிந்தது. இருவரும் ஒரே கூட்டத்தில் கைதட்டவும் முடிந்தது.

சுயமரியாதை இயக்கத்தின் சமூக அமைப்பு இத்தகைய சொல்லை வேண்டி நின்றது. 1925 நவம்பரில் திரு.வி.க. தலைமையில் காஞ்சிபுரத்தில் நடைபெற்ற காங்கிரசு மாகாண மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடமளிக்கப்படாததால் பெரியார் வெளியேறினார். அவ்வெளியேற்றத்துக்குக் காரணம் சாதியே. சொத்துரிமை அங்கு வினாவாக எழவில்லை. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை வகித்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் செல்வமிக்க நிலவுடைமைக் குடும்பத்தவர். வணிகர், நிலக்கிழார், அரசு அலுவலர், சிறு கைத்தொழிலாளர், வேலையற்ற படித்த இளைஞர் எனப் பலரும் சேர்ந்த இயக்கம் அது. அவர்களை ஒரே கொடியின்கீழ் நிறுத்தியது சாதி இழிவுக்கு எதிரான சினம். அச்சினத்துக்குள் பொருளியல் சமத்துவத்தையும் கொண்டுவர விரும்பியோருக்கு, உள்ளிருப்போரை அச்சுறுத்தாமல் வழிவிடும் சொல்லாகச் 'சமதர்மம்' அமைந்தது.

3. எழுச்சி

ஈரோட்டுத் திட்டம் பெரியாரின் சோவியத்துப் பயணத்தின் விளைவு என்று கூறுவது வழக்கம். பயணத்தின் பங்கை மறுக்க இயலாது. 1931 டிசம்பரில் எஸ். இராமநாதனுடன் சென்னையிலிருந்து புறப்பட்ட பெரியார், 1932 பிப்ரவரி முதல் மே வரை ஏறத்தாழ மூன்று மாதம் சோவியத்து ஒன்றியத்தில் தங்கினார். செருமனி, இங்கிலாந்து, இசுபெயின் முதலிய நாடுகளைக் கண்டு, இலங்கை வழியாக நவம்பரில் திரும்பினார். உலகப் பெருமந்தத்தால் ஐரோப்பியத் தொழிலாளர் வேலையிழந்து தவித்த காலம் அது. ஐந்தாண்டுத் திட்டத்தின்வழிப் புதிய ஆலைகள் எழுந்துகொண்டிருந்த சோவியத்து நாட்டை அவர் அந்நிலையோடு ஒப்பிட நேர்ந்தது.

ஆனால் பயணத்துக்கு முன்பே நிலம் பண்படுத்தப்பட்டிருந்தது. மார்க்சும் எங்கெல்சும் எழுதிய கம்யூனிஸ்டு அறிக்கையின் பகுதிகள் 1931 அக்டோபரில், அதாவது பெரியார் கப்பலேறுவதற்கு முன்னரே, 'சமதர்ம அறிக்கை' என்னும் பெயரில் குடி அரசு ஏட்டில் வெளிவரத் தொடங்கின. இத்தலைப்பு கருதத்தக்கது. உலகப் பொதுவுடைமை இயக்கத்தின் முதல் ஆவணம் தமிழ் வாசகரிடம் 'சமதர்மம்' என்னும் சொல்லின் வழியாகவே அறிமுகமாயிற்று. பிற்காலப் பதிப்புகளில் 'கம்யூனிஸ்டுக் கட்சி அறிக்கை' என்னும் பெயர் நிலைபெற்றது. ஒரே நூல் இரு காலங்களில் தாங்கிய இரு பெயர்கள், அது சென்றடைந்த இருவேறு வாசகச் சூழல்களைக் காட்டுகின்றன.

சிங்காரவேலரின் பங்களிப்பும் இக்கட்டத்தில் வலுப்பெற்றது. 1925 டிசம்பரில் கான்பூரில் கூடிய முதல் கம்யூனிஸ்டு மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அவர். 1928ஆம் ஆண்டின் தென்னிந்திய இரயில்வே வேலைநிறுத்தத்துக்காகச் சிறை சென்று 1930இல் விடுதலையானவர். மீரத்துச் சதி வழக்கால் நாடு முழுவதும் பொதுவுடைமையர் சிதறிக் கிடந்த நிலையில், அறிவியல், பொருள்முதல்வாதம், பொருளியல் ஆகியவை குறித்து எழுத அவருக்குக் குடி அரசு களமாயிற்று. எழுபது வயதைக் கடந்திருந்த அவருக்கு வாசகர் கூட்டம் கிடைத்தது. கடவுள் மறுப்பையும் சாதி எதிர்ப்பையும் பேசிவந்த இளைஞர்களுக்குப் பொருளியல் கல்வி கிடைத்தது. ப. ஜீவானந்தம் அவ்விளைஞருள் முதன்மையானவர்.

நாடு திரும்பிய பெரியார், பெயருக்கு முன்னும் பின்னும் இடும் மரியாதை அடைகளை விடுத்து 'தோழர்' என்றே யாவரையும் விளிக்க வேண்டும் என்று வேண்டுகோள் விடுத்தார். திருவாளர், மகா-ரா-ரா-ஸ்ரீ முதலிய அடைகள் சாதி, செல்வம், வயது ஆகியவற்றின் படிநிலையைப் பெயரோடு ஒட்டவைத்தவை. 'தோழர்' அவற்றை ஒரே வீச்சில் அகற்றியது. கட்சி எழுதி நிறைவேற்றிய தீர்மானங்களுள் பல செயற்படாது போயின. இவ்விளிச்சொல்லோ உடனடியாகச் செயலுக்கு வந்து இன்றுவரை நிலைத்துள்ளது.

4. திட்டத்தின் இரு பகுதிகள்

ஈரோட்டில் வகுக்கப்பட்ட திட்டம் ஒன்றல்ல, இரண்டு. சுயமரியாதை இயக்கத்துக்குள் இயங்கும் சமதர்மப் பிரிவுக்கு ஒரு திட்டமும், தேர்தல் அரசியலில் ஈடுபடவேண்டிய தென்னிந்திய சமதர்மக் கட்சிக்கு மற்றொரு திட்டமும் வகுக்கப்பட்டன.

முதல் திட்டம் தீவிரமானது. பிரிட்டிசு ஆட்சி உள்ளிட்ட எல்லா முதலாளித்துவ ஆட்சிகளிலிருந்தும் முழு விடுதலை, நாட்டின்மீது சுமத்தப்பட்ட கடன்களை நீக்குதல், இரயில்வே, வங்கி, கப்பல் போக்குவரத்து ஆகியவற்றைப் பொதுவாக்குதல், நிலத்தையும் காட்டையும் ஈடு தராமல் பொதுவாக்குதல், உழவர் தொழிலாளர் பட்ட கடன்களை நீக்குதல் ஆகியன அதன் கூறுகள். இரண்டாம் திட்டம் சட்டமன்றத்தின்வழி அடையத்தக்க சீர்திருத்தங்களைப் பேசியது. அதன் தொனியும் தணிந்தது.

இந்த இரட்டை அமைப்பைத் தந்திரம் என்று மட்டும் கொள்வது போதாது. சொல்லின் இருபொருளே அமைப்பின் இரு அடுக்காக உருவெடுத்தது எனலாம். நிலத்தைப் பொதுவாக்க விரும்பியவர் முதல் திட்டத்தைப் பற்றிக்கொண்டார். சாதி ஒழிப்பும் வரிக்குறைப்பும் போதும் என்றிருந்தவர் இரண்டாம் திட்டத்தில் மனநிறைவு கொண்டார். இருவரும் சமதர்மிகளே. இரு திட்டங்களுக்கும் இடையே முரண் எழுந்தால் எது மேலோங்கும் என்பதை முடிவுசெய்யும் பொது அமைப்பு ஒன்று வலுவாக உருப்பெறவில்லை. அவ்விடத்தைத் தலைவரின் சொல்லே நிரப்பியது.

5. நெசவூரில் 'முதலாளி'

சமதர்மம் என்னும் சொல்லின் ஆற்றலும் எல்லையும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. தஞ்சை வயற்புறத்தில் நிலக்கிழாரும் பண்ணையாளும் பெரும்பாலும் வெவ்வேறு சாதியினர். அங்குச் சாதி எதிர்ப்பும் நிலவுரிமைக் கோரிக்கையும் ஒரே மனிதரை நோக்கியே அமையும். சொல்லின் இரு பொருள்களும் தாமாகவே ஒன்றும்.

காஞ்சிபுரம், அதனை அடுத்த ஐயம்பேட்டை போன்ற நெசவூர்களின் நிலை வேறு. அங்கு 'முதலாளி' என்னும் சொல் ஆலை உரிமையாளரைக் குறிப்பதில்லை. பட்டும் சரிகையும் கொடுத்து, பாவும் ஊடையும் சேலையாகித் திரும்பும்போது கூலியைக் கணக்கிட்டுத் தருபவரையே அது குறிக்கும். தறி நெசவாளரின் வீட்டிலேயே இருக்கும். மனைவியும் மக்களும் அவ்வேலையில் பங்கு கொள்வர். முதலாளியும் கூலிக்கு நெய்பவரும் ஒரே சமூகத்தவராக, ஒரே கோயில் திருவிழாவுக்கு வரி கொடுப்பவராக, சில வேளைகளில் உறவினராகவும் இருப்பர். முன்பணக் கடனே அவ்விருவரையும் பிரிப்பதும் பிணைப்பதும் ஆகும்.

'முதல்' என்பதோடு 'ஆளி' என்னும் விகுதி சேர்ந்து அமைந்தது முதலாளி; 'தொழில்' என்பதோடு அதே விகுதி சேர்ந்து அமைந்தது தொழிலாளி. ஒன்று முதலை ஆள்பவரையும், மற்றொன்று தொழிலை ஆள்பவரையும் சுட்டுகிறது. இலக்கண அமைப்பில் இவை இணைச்சொற்கள். அரசியல் மேடையில் எதிர்ச்சொற்கள். நெசவூரில் 'முதலாளி' என்பது மரியாதை விளியாகவும் வழங்குவதால் அவ்வெதிர்நிலை எளிதில் கூர்மை பெறுவதில்லை. இத்தகைய ஊரில் சமதர்மம் சாதி இழிவு ஒழிப்பு என்னும் பொருளில் பேசப்பட்டால் முதலாளியும் நெசவாளரும் சேர்ந்து கைதட்டலாம். கூலி உயர்வு என்னும் பொருளில் பேசப்பட்டால் அக்கூட்டம் இரண்டாகப் பிரிந்தாக வேண்டும்.

இயக்கம் வலுப்பெற்றிருந்த வணிக, கைத்தொழில் ஊர்கள் பலவற்றுக்கும் இந்நிலை பொருந்தும். ஓர் ஊரின் கிளையில் இயல்பாக அமைந்திருந்த இக்கூட்டணியின் பெருவடிவமே மாகாண அளவிலான கட்சி. எனவே, பொருளியல் கோரிக்கை ஏட்டிலிருந்து தெருவுக்கு இறங்கும்போது கட்சியின் உள்ளமைப்பே சோதனைக்கு உள்ளாகும் நிலை தொடக்கத்திலேயே இருந்தது.

6. ஏடே கட்சியாக

சமதர்மக் கட்சியின் மற்றொரு தன்மை, அது ஏட்டைச் சார்ந்து நின்றமை. 1925 மே மாதம் தொடங்கப்பட்ட குடி அரசு, கட்சியின் கொள்கை விளக்கம், கூட்ட அறிவிப்பு, கிளைச் செய்தி, விவாதம் ஆகிய யாவற்றையும் தாங்கியது. ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் வழக்கத்தால் எழுத்தறியாதாரையும் அது எட்டியது. தொழிற்சங்கமோ உழவர் சங்கமோ செய்யவேண்டிய பணியையும் ஏடே செய்தது.

இதனால் விளைந்த வேகம் வியக்கத்தக்கது. ஆனால் தொழிற்சங்கத்துக்கும் ஏட்டுக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. சங்கத்தின் தலைவரைச் சிறையிலடைத்தாலும் ஆலையில் தொழிலாளர் இருப்பர். அவர்களது கூலிச் சிக்கல் அவர்களை மீண்டும் ஒன்றுசேர்க்கும். ஏட்டின் அச்சகத்தைப் பூட்டினாலோ வாசகர் தனித்தனியராகிவிடுவர். 1931ஆம் ஆண்டின் அவசரகால அச்சகச் சட்டம் அச்சகத்தாரிடமும் வெளியீட்டாளரிடமும் ஈட்டுத்தொகை கேட்கவும், பின்னர் அதனைப் பறிமுதல் செய்யவும் அரசுக்கு அதிகாரம் அளித்தது. கட்சியின் உயிர்நாடி எதுவோ அதன்மேலேயே அரசின் கை விழுவதற்குச் சட்டம் ஆயத்தமாக இருந்தது.

7. ஒடுக்குமுறையும் முடிவும்

1933 அக்டோபர் 29ஆம் நாள் குடி அரசில் வெளிவந்த, இன்றைய ஆட்சி ஏன் ஒழியவேண்டும் என்னும் தலையங்கம் அரசுக்கு வாய்ப்பளித்தது. பெரியார்மீதும், வெளியீட்டாளரான அவருடைய தங்கை கண்ணம்மாள்மீதும் அரசநிந்தனை வழக்குத் தொடரப்பட்டது. 1934 தொடக்கத்தில் இருவரும் சிறைத்தண்டனை பெற்றனர். தலையங்கம் சமதர்மக் கொள்கையைப் பரப்பும் நோக்குடையது என்பதைப் பெரியார் நீதிமன்றத்தில் மறுக்கவில்லை. அக்கொள்கையின் நியாயத்தை எடுத்துரைக்கவே அவர் தம் வாக்குமூலத்தைப் பயன்படுத்தினார்.

இக்காலத்தில் ஏடு பெயர் மாற்றிப் பிழைத்த வரலாறு கருதத்தக்கது. குடி அரசு நின்றபோது 1933 நவம்பரில் 'புரட்சி' தோன்றியது. அதுவும் நின்றபின் 1934இல் 'பகுத்தறிவு' வார ஏடாக வந்தது. 1935 தொடக்கத்தில் குடி அரசு மீண்டும் வெளிவந்தது. புரட்சி, பகுத்தறிவு என்னும் இவ்விரு பெயர்களின் வரிசையிலேயே அழுத்தம் எத்திசையில் செலுத்தியது என்பதைக் காணலாம். முதலாவது அரசை எதிர்கொண்ட சொல். இரண்டாவது மூடநம்பிக்கையை எதிர்கொண்ட சொல்.

1934 சூலையில் கம்யூனிஸ்டுக் கட்சியை இந்திய அரசு தடைசெய்தது. அதன்பின் சொத்துரிமை ஒழிப்பைப் பேசும் எவ்வமைப்பும் தடைக்கு உரியதாகும் நிலை ஏற்பட்டது. அவ்வாண்டிலேயே பெரியார் ஈரோட்டுத் திட்டத்தைத் தணித்து வகுத்த வேலைத்திட்டத்தைக் காங்கிரசு, நீதிக்கட்சி ஆகிய இரண்டின் முன்னும் வைத்தார். நீதிக்கட்சி அதனை ஏற்க முன்வந்தது. மத்திய சட்டமன்றத் தேர்தலில் அவ்வாண்டு தோல்வியுற்றிருந்த நீதிக்கட்சிக்கு இயக்கத்தின் மக்கள் செல்வாக்கு தேவைப்பட்டது.

பகத்சிங்கு எழுதிய நாத்திகம் பற்றிய கட்டுரையை ஜீவானந்தம் தமிழாக்கினார். அந்நூல் தொடர்பாக அவரும், வெளியீட்டாளரான பெரியாரின் தமையனார் ஈ.வெ. கிருஷ்ணசாமியும் 1935இல் கைதாயினர். பெரியாரின் அறிவுரைப்படி இருவரும் வருத்தம் தெரிவித்து விடுதலையாயினர். சமூகச் சீர்திருத்தப் பணி நடைபெற வேண்டுமாயின் அரசு சட்டவிரோதமெனக் கருதும் பொதுவுடைமைப் பரப்புரையை நிறுத்திக்கொள்வதே தக்கது என்னும் நிலையை அவ்வாண்டு மார்ச்சில் பெரியார் குடி அரசின் வழியே வெளிப்படுத்தினார். சிங்காரவேலர் இதனை ஏற்கவில்லை. பெருநிலக்கிழார்களும் குறுநில மன்னர்களும் தலைமை தாங்கிய நீதிக்கட்சியுடனான உறவைக் கண்டித்த அவர், 1935இல் 'புது உலகம்' என்னும் இதழைத் தொடங்கித் தம் கருத்துகளைத் தொடர்ந்து எழுதினார்.

இங்குச் சொல்லின் வரலாறு தெளிவான திருப்பத்தை அடைகிறது. பெரியார் சமதர்மம் என்னும் சொல்லைக் கைவிடவில்லை. பின்னரும் அதனை வழங்கினார். கைவிடப்பட்டது அச்சொல்லின் இரு பொருள்களுள் ஒன்று. பிறப்பால் வரும் உயர்வுதாழ்வை ஒழிப்பதே சமதர்மத்தின் முதற்படி என்றும், சாதி உள்ளவரை பொருளியல் சமத்துவம் நிலைக்காது என்றும் வாதிடும்போது சொல் அப்படியே இருந்தது. அதன் பொருள் எடை ஒருபக்கம் சாய்ந்தது.

8. பிரிவு

ஜீவானந்தம் உள்ளிட்டோர் மறுபக்கத்தைப் பற்றினர். 1936இல் திருத்துறைப்பூண்டியில் நடைபெற்ற சுயமரியாதை மாநாட்டில் வேறுபாடு வெளிப்படையாயிற்று. பிரிந்து வந்தோர் சுயமரியாதைச் சமதர்மக் கட்சி என்னும் பெயரிலேயே தனித்து இயங்க முற்பட்டனர். பழைய இரு சொற்களையும் பெயரில் காத்துக்கொள்ள அவர்கள் விரும்பியமை, தாமே ஈரோட்டுத் திட்டத்தின் உண்மையான வழித்தோன்றல்கள் என்று நிறுவும் முயற்சியாகும். எனினும் அவ்வாண்டு முடிவதற்குள் அவ்வமைப்பு காங்கிரசு சோசலிசுடுக் கட்சியில் கரைந்தது.

இதற்கு உள்ளூர்க் காரணங்கள் மட்டும் போதா. 1935இல் மாஸ்கோவில் கூடிய கம்யூனிஸ்டு அகிலத்தின் ஏழாம் மாநாடு பாசிச எதிர்ப்புக்கான ஐக்கிய முன்னணி உத்தியை வகுத்தது. இந்தியப் பொதுவுடைமையர் காங்கிரசுக்குள்ளிருந்து செயற்படவேண்டும் என்னும் கருத்து அடுத்த ஆண்டில் வலுப்பெற்றது. தடைசெய்யப்பட்ட கட்சியினருக்கு, 1934இல் தொடங்கப்பட்டிருந்த காங்கிரசு சோசலிசுடுக் கட்சி சட்டப்படியான புகலிடமாயிற்று. எஸ்.வி. காட்டே சென்னைக்கு வந்து அமைத்த இரகசியக் கம்யூனிஸ்டுக் கிளையிலும் ஜீவானந்தம் 1936 வாக்கில் இணைந்தார். 1937 நவம்பரில் 'ஜனசக்தி' தொடங்கப்பட்டபோது தமிழ்ப் பொதுவுடைமையருக்குத் தனி ஏடு கிடைத்தது. அவ்வேட்டுக்குப் பின்னால் இம்முறை தொழிற்சங்கங்களும் இருந்தன.

இவ்விணைவுக்கு ஒரு விலை இருந்தது. காஞ்சிபுரத்தில் எந்தக் காங்கிரசிலிருந்து பெரியார் சாதி வினாவை முன்னிட்டு வெளியேறினாரோ, அதே காங்கிரசுக்குள் சமதர்மிகள் நுழைந்தனர். வகுப்புவாரி உரிமை, பார்ப்பனிய எதிர்ப்பு, கடவுள் மறுப்பு ஆகியன அங்கு முன்னுரிமை பெற இயலவில்லை. நீதிக்கட்சியை நோக்கிச் சென்றோர் நிலவுரிமை வினாவைப் பின்னுக்குத் தள்ள நேர்ந்தது. காங்கிரசை நோக்கிச் சென்றோர் சாதி வினாவைப் பின்னுக்குத் தள்ள நேர்ந்தது. இழப்பு இருபக்கத்துக்கும் உரியது. 1932இல் உடன் பயணித்த எஸ். இராமநாதன் 1937இல் இராஜாஜியின் காங்கிரசு அமைச்சரவையில் இடம்பெற்றமை, அவ்வணி எவ்வளவு தொலைவுக்குச் சிதறியது என்பதற்குச் சான்று.

9. ஓர் ஒப்பீடு

1935 டிசம்பரில் இலங்கையில் தொடங்கப்பட்ட லங்கா சமசமாஜக் கட்சி இக்கட்சியோடு ஒப்பிடத்தக்கது. சிறு கட்சியாகவே தொடங்கிய அதன் பெயரிலும் 'சம' என்னும் அடை உண்டு. ஆனால் அது 'சமாஜம்' என்னும் சொல்லோடு இணைந்து, வரவேண்டிய சமுதாயத்தைச் சுட்டியது. வழக்கிலிருந்த தர்மத்தோடு மோதவில்லை. சூரியமல் இயக்கம், மலேரியா நிவாரணப் பணி, வெள்ளவத்தை ஆலைத் தொழிலாளர் போராட்டம் ஆகியவற்றின் வழியே அதன் முன்னோடிகள் ஏட்டுக்கு வெளியே கால் ஊன்றியிருந்தனர். 1936 அரசுப் பேரவைத் தேர்தலில் பிலிப் குணவர்தன, என்.எம். பெரேரா ஆகிய இருவர் வென்றனர். உலகப் போரின்போது தடைசெய்யப்பட்டு, தலைவர்கள் சிறைப்பட்ட பின்னும் கட்சி மீண்டெழுந்தது. ஒடுக்குமுறை கடுமையாக இருந்தால் மட்டுமே சிறு கட்சி அழியும் என்பதற்கில்லை. ஒடுக்குமுறை விழும் இடத்தைத் தவிர வேறு எங்கும் அதற்கு வேர் இல்லாதபோதே அது அழிகிறது என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படும்.

10. முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, சமதர்மக் கட்சியின் எழுச்சிக்கு அயல்நாட்டுப் பயணம் தூண்டுகோல் மட்டுமே. சாதி எதிர்ப்பு மண்ணில் பொருளியல் சமத்துவக் கருத்தை ஊன்றுவதற்குத் தமிழில் ஏற்ற சொல் முன்னரே உருவாகியிருந்தது.

இரண்டாவதாக, அச்சொல்லின் இருபொருள் தன்மை வேறுபட்ட வகுப்பினரை ஒன்றுசேர்த்தது. அவர்களுக்கிடையிலான முரணைத் தீர்க்கவில்லை. தீர்க்கவேண்டிய நாளை ஒத்திவைத்தது. அரசின் தடை அந்நாளை விரைந்து கொண்டுவந்தது.

மூன்றாவதாக, ஏட்டையே உடலாகக் கொண்ட கட்சி, ஏடு தாக்கப்பட்டபோது எதிர்த்து நிற்கும் மாற்றுக் களத்தைப் பெற்றிருக்கவில்லை. ஆகவே 1935ஆம் ஆண்டின் முடிவைத் துணிவின்மை என்றோ தொலைநோக்கு என்றோ தீர்ப்பளிப்பதற்கு முன், தலைமைக்கு எஞ்சியிருந்த வழிகள் எத்தனை என்று கணக்கிடுவது ஆய்வாளரின் கடமையாகும். அக்கணக்கில் பெரியாரின் தற்காப்பும் சிங்காரவேலரின் கண்டனமும் ஒன்றையொன்று மறுப்பனவாக அமையவில்லை. ஒரே அமைப்பின் இயலாமையை இருவேறு பக்கங்களிலிருந்து கண்டவர்களின் மறுமொழிகள் அவை.

நான்காவதாக, கட்சி மறைந்தபோதும் அது இணைக்க முயன்ற இரு பொருள்களும் முற்றாகப் பிரிந்துவிடவில்லை. 1940களில் பி. சீனிவாசராவ் முதலியோர் கீழத்தஞ்சையில் கட்டிய விவசாயிகள் இயக்கம், சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழியவேண்டும் என்னும் கோரிக்கையையும் கூலி உயர்வுக் கோரிக்கையையும் பிரிக்காமல் முன்வைத்தது. முன்னது சாதிக் கொடுமைக்கு எதிரானது. பின்னது பொருளியல் சுரண்டலுக்கு எதிரானது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் தாழ்த்தப்பட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தவர் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டபோது, அதனைச் சாதிக் கொலை என்பதா கூலிப் போராட்டக் கொலை என்பதா என்னும் விவாதம் எழுந்தது. ஈரோட்டில் ஒரு சொல்லுக்குள் சேர்த்துவைக்கப்பட்டு, நான்கே ஆண்டுகளில் இரண்டாகப் பிளந்த வினா அது. அவ்வினாவை மீண்டும் ஒன்றாகக் காண முயலும் எவ்வாய்வுக்கும், குறுகிய காலமே வாழ்ந்த இக்கட்சியின் ஆவணங்களும் அதன் சொல்வழக்கும் முதன்மைத் தரவுகளாக அமைகின்றன.